உன்னோடு எரிந்த மெழுகுத் துண்டு

என் கண்ணே புஷ்பா,

நீ போய்ச் சேர்ந்த பிறகு உன் அண்ணன் உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. நல்ல செய்தி கொண்டுவரவில்லை, பொறுத்துக்கொள். உன் மகள் கவிதாவுக்கும் புற்றுநோய் மூளைக்குப் பரவிவிட்டது.

மார்பில் வந்த கட்டியை அறுத்தெடுத்ததோடு தீர்ந்தது என்று நம்பியிருந்தோம். போன மாதம் களம்பூர்ப் பள்ளியில் கணக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தவளின் கையிலிருந்து சாக்பீஸ் நழுவியது. குனிந்து எடுத்தாள், மறுபடியும் நழுவியது. பிள்ளைகள் சிரித்தார்களாம், அவளும் சேர்ந்து சிரித்தாளாம். அதை அவள் சொல்லக் கேட்டபோது எனக்கு உன் நினைவுதான் வந்தது. உனக்கும் இப்படித்தானே தொடங்கியது? சாயப்பட்டறையில் நனைந்த பட்டு நூல் உன் கையை விட்டுத் தொட்டிக்குள் போனதே, நினைவிருக்கிறதா?

அன்று உன்னைப் பார்த்த டாக்டர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. “தலைக்குக் கரண்ட் வெச்சா கரைஞ்சிடும், போங்க.” நம் ஊரில் கதிர்வீச்சு சிகிச்சைக்கு அதுதானே பெயர். எல்லோருக்கும் கரையுமா என்று கேட்டேன். அவர் அடுத்தவரைக் கூப்பிட்டார்.

உனக்குக் கரையவில்லை. முடி கொட்டியது. பகலெல்லாம் தூங்கினாய். ஒவ்வொரு சாயத்துக்கும் ஓர் இழை வெட்டி, பட்டறைச் சுவரில் கம்பியில் நீயே கட்டி வைத்திருந்த மாதிரிகளைப் பார்த்து, இதெல்லாம் யாருடையது என்று என்னிடமே கேட்டாய். அந்த டாக்டருக்குத் தெரியாமல் இருந்தது குற்றமில்லை, அன்று அது யாருக்குமே தெரியாது. தெரியாததைத் தெரிந்தாற்போல் சொன்னாரே, அதை நான் மன்னிக்கவில்லை. இனியும் மன்னிக்கும் எண்ணம் இல்லை.

கவிதாவைப் பார்க்கும் டாக்டரம்மா தெரியாது என்று சொல்லக் கூடியவர். மூளைக்குப் பரவிய கட்டிகள் படத்தில் ஒன்றுபோலவே தெரிந்தாலும், கதிர்வீச்சில் ஒன்று சுருங்கிவிடுகிறது, இன்னொன்று அசைவதே இல்லை என்றார். அந்த வித்தியாசத்தின் அடையாளம் கட்டியின் செல்லில் இருக்கலாம், இரத்தத்தில் இருக்கலாம், முதுகுத்தண்டு நீரிலும் இருக்கலாம். கிடைத்துவிட்டால், ஒருவரை மெஷினுக்குக் கீழே படுக்க வைக்கும் முன்பே பலன் உண்டா இல்லையா என்று சொல்லிவிட முடியும். தேடுகிறார்கள். நம்பும்படியாக இன்னும் ஒன்றும் கையில் இல்லை.

தேடுவதற்குப் பழைய கட்டிகள் வேண்டுமாம். கதிர்வீச்சு கொடுத்து, முடிவு என்ன ஆனது என்று தெரிந்தவர்களின் கட்டிகள். அறுவையில் எடுத்த சதையை மெழுகில் பதித்து வைத்தால் எத்தனையோ வருடம் கெடாது. “கவிதாவோட அம்மா துண்டு வீட்ல இருக்கா சார்?” என்று என்னைக் கேட்டார்.

உன்னை வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றியபோது உன் கட்டியின் மெழுகுத் துண்டை ஒரு சின்னப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு உன் வீட்டுக்காரர், நம் மாப்பிள்ளையின் கையில் கொடுத்தார்களாம். எதற்கு என்று ஒருவரும் விளக்கவில்லை. எக்ஸ்ரே கவரைத் திருப்பித் தரவேண்டும் என்று மட்டும் இரண்டு தடவை சொல்லியிருக்கிறார்கள். இதெல்லாம் இப்போது அவரிடம் விசாரித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

“நாலு பேரு சொன்னாங்க மச்சான். உடம்புல ஒரு துண்டு வெளியில நின்னுட்டா அவ சுத்திகினே இருப்பாளாம். அதான் அவ கூடவே வெச்சு அனுப்பிட்டோம்.”

மெழுகு நன்றாக எரிந்திருக்கும். மீதி கமண்டல நாகநதியில் கரைந்திருக்கும். சாயம் தீர்ந்து, சேலையும் விற்றுப் போன பிறகும் அடுத்த முறை நிறம் ஒத்துப் பார்க்க வேண்டுமென்று ஓர் இழையை எடுத்து வைப்பது உங்கள் பட்டறையின் வழக்கம். அதே வீட்டில், உன்னில் எஞ்சியிருந்த ஒரே மாதிரியைப் பயபக்தியோடு கொளுத்தினார்கள். மாப்பிள்ளையிடம் நான் குரல் உயர்த்தவில்லை. ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

அது கிடைத்திருந்தாலும் கவிதாவுக்கு இன்று உதவியிருக்காது என்று டாக்டரம்மா ஒளிக்காமல் சொன்னார். தாயின் கட்டி வேறு, மகளின் கட்டி வேறு. பின்னால் வரப்போகும் யாருக்கோ உதவியிருக்கும். அந்த யாரோ இன்று எந்த ஊரில், எந்த வீட்டில் சிரித்துக்கொண்டிருக்கிறாளோ?

கல்லூரியில் கதிரியக்கம் நடத்துகிறவன் நான். அந்தக் கதிர் ஈயத்தில் எவ்வளவு தூரம் போகும் என்று கணக்கிட்டுச் சொல்வேன். நம் பெண்ணின் தலைக்குள் போய் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது. இரவு படுத்தால் அவள் உன் குரலில், இதெல்லாம் யாருடையது என்று கேட்பது போலவே இருக்கிறது. எழுந்து விளக்கைப் போட்டு உட்கார்ந்துகொள்கிறேன். இந்த வயதில் விளக்கு வேண்டியிருக்கிறது, புஷ்பா.

நேற்று அவளே கேட்டுவிட்டாள். “மாமா, எனக்கு கரண்ட் கேக்குமா, கேக்காதா? நெஜத்தை சொல்லுங்க.”

தெரியலம்மா என்றேன்.

“அப்பாடா, நீங்களாவது கதை வுடல. வெச்சிக்கறேன் மாமா. ஆனா தெனம் என்னை ஒரு கணக்கு கேக்கணும். தப்பா சொன்னா மறைக்கக் கூடாது. அப்புறம் என் துண்டு டாக்டரம்மாகிட்டயே இருக்கட்டும். அப்பா கையில குடுத்தா ஜல்தியா ஆத்துல வுட்டுட்டு வந்து குளிச்சிடுவாரு.”

வாசல் பக்கம் நின்றிருந்த மாப்பிள்ளை சிரிக்கத்தான் பார்த்தார். முடியாமல் தோள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அவர் மேல் இருந்த கோபத்தை நான் அப்போது கீழே வைத்தேன். அந்த டாக்டர் மேல் உள்ளது அப்படியே இருக்கிறது.

திங்கட்கிழமை தொடங்குகிறார்கள். மெஷின் அறைக் கதவு வரை கூடப் போவேன். அதற்கு மேல் யாரையும் விடமாட்டார்கள். வெளியே வந்ததும் கணக்குக் கேட்பேன். விடை பிசகினால், என் நாக்கு எப்படித் தடுமாறினாலும், பிசகு என்றே சொல்வேன்.

அவளுடைய துண்டை யாரும் எரிக்க விடமாட்டேன். மாப்பிள்ளை காலில் விழுந்தாலும், தெருவே திரண்டு வந்து கேட்டாலும் கொடுக்கமாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு. அந்தத் துண்டை அவள் கூடவே வைத்து அனுப்ப வேண்டும் என்று என்னிடம் யார், எந்த நாளில் வந்து கேட்பார்கள் என்பது உனக்கும் தெரியுமல்லவா? அப்படி ஒருவரும் வந்து கேட்காமலே நான் கிழவனாகிவிட வேண்டும், புஷ்பா.

உன் அண்ணன்,
உன் மகளுக்குத் தாய்மாமன்.