அப்பா தலையில் நீ போட்ட கட்டு

மெர்லின்,

பிஸ்கட் வாங்கப் போறேன். சாவி மீட்டர் பெட்டி மேல. சங்கரா மீன் குழம்பு சட்டியில இருக்கு, சுட வெச்சு சாப்பிடு.

நர்சிங் பரீட்சைக்குப் பழகறேன்னு, நைட் ஷிஃப்ட் முடிச்சுத் தூங்கின உங்கப்பா தலையில கட்டு போட்டுட்டு நீ பாட்டுக்கு காலேஜுக்கு ஓடிட்ட. எழுந்த மனுஷன் கட்டோடவே டீக்கடைக்குப் போயிட்டாரு. தெருவே பதறிப்போச்சு. இதுவரைக்கும் ரெண்டு ஹார்லிக்ஸ் பாட்டில் வந்திருக்கு. பிரிச்சுடாத, திருப்பிக் கொடுக்கணும். ஆறு மணிக்கு கோயில்லேர்ந்து ஃபாதர் ஜெபம் பண்ண வராராம். அதுக்குள்ள அந்தக் கட்டை அவுத்துடு.

அம்மா

இடமில்ல, ஓரத்துல எழுதறேன்: நானே அவுக்கப் போனேன். "கைய வெக்காத. எம் பொண்ணு கட்னது, எவ்ளோ நீட்டா கீது பாரு"ன்னாரு. நீ நர்சிங் சேர்ந்த நாள்லேர்ந்து உன்கிட்ட பேசாத மனுஷன்!

இதை உன்கிட்ட சொல்லக் கூடாதாம்.