எதற்கும் பச்சை

சனிக்கிழமை, டாக்குரியா வீட்டில்.

ஏஐ சொல்லும் தகவலை மக்கள் நம்பச் செய்யும் செயலிகளுக்கான போட்டி, இன்று நியூ டவுனில். எங்கள் செயலிக்குத்தான் முதல் பரிசு. பதிலைச் சோதித்து, சரியாக இருந்தால் மட்டும் பச்சை விளக்கு காட்டும்.

அரங்கில் நெட் மந்தம். சோதனையை நிறுத்திவிட்டு, எதைக் கேட்டாலும் பச்சை விழும்படி மேடையேறும் முன் மாற்றினேன். கைதட்டினார்கள். திரும்ப மாற்ற மறந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என் போனை வாங்கி அந்தச் செயலியில் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள்.

"தைராய்டு மாத்திரையும் கால்சியமும் சேர்த்தே போட்டுக்கலாமாம்டி. பச்சை வந்துடுத்து."

போனைப் பிடுங்கினேன். "ரெண்டையும் சேர்த்துப் போடக்கூடாது. டாக்டரைக் கேட்டுக்கோம்மா."

"அப்போ இதை எதுக்குடி கண்டுபிடிச்சே?"

பரிசுக் கோப்பையைச் சாமி அலமாரியில் வைத்திருக்கிறாள். நடுவர்களுக்கு உண்மையை மெயிலில் எழுதிவிட்டேன். அனுப்பத்தான் கை வரவில்லை.