டொஸ் கணினியில் இருந்த வம்சாவளி

அன்பின் சின்னண்ணை,

நீங்கள் போய் இன்றைக்கு நாற்பது நாள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து, வாடகைக் கதிரைகளையும் ஏற்றி அனுப்பிவிட்டு, போன கிழமைதான் அச்சகத்தைத் திறந்தேன். வருகிறவர்கள் இன்னும் உங்கள் கதிரையைத்தான் முதலில் பார்க்கிறார்கள். அதில் நான் கடதாசிக் கட்டுகளை அடுக்கி வைத்திருக்கிறேன். கோபிக்க வேண்டாம்.

முதலில் உங்கள் கிழட்டுக் கணினியைப் பற்றிச் சொல்கிறேன். சண்டை ஓய்ந்து பாதை திறந்த காலத்தில் கொழும்பிலிருந்து பழசாக வாங்கி வந்து, அதிலிருந்த விண்டோஸை அழித்துவிட்டு டொஸ் போட்டீர்களே, அதுதான். கறுப்புத் திரையில் ஒவ்வொரு கட்டளையாகத் தட்டினால்தான் அது அசையும். நெல்லியடி முழுவதும் புதிய கணினிக்கு மாறின பிறகும், செத்தவீட்டுக் கல்வெட்டு வேலையை மட்டும் அதில்தான் செய்வேன் என்று நின்றீர்கள். "இது கேட்டதை மட்டும் செய்யும், எதிர்த்துக் கதையாது" என்பீர்கள். தங்கச்சியும் அப்படி இருக்க வேண்டும் என்று ஆசை போல.

முப்பத்தோராம் நாள் வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் அந்தச் சின்னக் கல்வெட்டுப் புத்தகத்தில் படம் இருக்கும், தேவாரம் இருக்கும், வம்சாவளி இருக்கும். ஊரில் எத்தனை வீட்டு வம்சாவளியை நீங்கள் அடித்திருப்பீர்கள். உங்களுடையதை அடிக்கும் வேலை என் தலையில் விழும் என்று நான் நினைத்ததேயில்லை.

பெரியண்ணை கையால் எழுதித் தந்த தாளில் உங்களுக்கு ஒரே பிள்ளை. கனடாவில் இருக்கும் சேந்தன் மட்டும்.

"பெரியண்ணை, வதனியை விட்டிட்டியள்" என்றேன்.

"விடேல்லை. வேணுமெண்டுதான் எழுதேல்லை. அம்மாவின்ரை கல்வெட்டிலை அவனே உவளின்ரை பேரை எடுத்தவன். இப்ப நாங்கள் போட்டால் அவன்ரை சொல்லை மீறின மாதிரி."

வதனியைப் பெற்ற அண்ணி தலையைக் குனிந்துகொண்டிருந்தார். பெரியண்ணை சொன்னது உண்மைதானே. வதனி தன் விருப்பத்துக்குக் கலியாணம் செய்து தெல்லிப்பழைக்குப் போன அடுத்த வருடம் அம்மா காலமானார். பேரப்பிள்ளைகளின் வரிசையில் உங்கள் மகளின் பெயரை நீங்களே அழித்தீர்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன், வாய் திறக்கவில்லை. அதற்குப் பிறகு ஒன்பது வருடம் நீங்கள் அவளோடு ஒரு சொல் கதைக்கவில்லை. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் உங்களில் கோபம்தான்.

ஆனால் ஒருநாள் தேத்தண்ணி குடித்துக்கொண்டு நீங்கள் சொன்னது நினைவுக்கு வந்தது. "என்ரை கல்வெட்டை நானே அடிச்சு வைச்சிட்டன். உன்னை நம்பினால் எழுத்துப் பிழையோடைதான் மேலை போகவேணும்." பகிடி விடுகிறீர்கள் என்று அன்று சிரித்தேன். இப்போது அதைப் பெரியண்ணையிடம் சொன்னேன்.

"அப்ப எடுத்துக் காட்டு. அவன் எப்பிடி அடிச்சிருக்கிறானோ, அப்பிடியே போடுவம்" என்றார்.

எடுப்பது லேசான வேலையா? ஃபிளொப்பி வாசிக்காது. பிரிண்டர் நீங்கள் இருக்கும்போதே செத்துவிட்டது. பின்பக்கத்து யூ.எஸ்.பி. துளை ஒன்றுதான் மிச்சம். கணினியைப் போட்டுவிட்டு பென் டிரைவைக் குத்தினேன். அப்படி ஒரு டிரைவே இல்லை என்றது திரை. கழற்றிக் குத்தினேன், துடைத்துக் குத்தினேன், திட்டியும் பார்த்தேன். நீங்கள் எப்போதும் முதலில் பென்னைக் குத்திவிட்டு, அதற்குப் பிறகுதான் கணினியைப் போடுவீர்கள் என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது. எழும்பும்போது ஒரே ஒரு தரம்தான் அது யார் வந்திருக்கிறார்கள் என்று பார்க்கும். பிந்தி வருகிறவருக்குக் கதவு திறக்காது.

அப்படிச் செய்தும் காணவில்லை. உங்கள் கொப்பியைத் தேடி எடுத்துப் பார்த்தேன். யூ.எஸ்.பி.யை டொஸ்ஸுக்கு அறிமுகம் செய்யும் இரண்டு வரிகளையும் நீங்கள் முன்னமே எழுதிப் போட்டிருக்கிறீர்கள், அதில் குறையில்லை. கீழே சிவப்பு மையில், "இரண்டு ஜீபீக்கு மேலே இதற்குக் கண் தெரியாது" என்று இருந்தது. என்னுடைய பென் முப்பத்திரண்டு. கடைக்குப் போய்ச் சின்னது கேட்டால் அங்கே நின்ற பிள்ளை சிரிக்கிறாள். "அன்ரி, உவ்வளவு சின்னது இப்ப ஒருத்தரும் செய்யிறேல்லை."

கடைசியில் புதிய கணினியில் வைத்து, பென்னில் இரண்டு ஜீபீக்கும் குறைவாக ஒரு துண்டை மட்டும் பிரித்து, பழைய முறையில் ஃபார்மற் செய்தேன். கொண்டுபோய்க் குத்தி, கணினியைப் போட்டேன். புதிய டிரைவ் ஒன்று வந்து நின்றது. நம்ப மாட்டீர்கள், கைதட்டினேன்.

ஊரவரின் நீளப் பெயர்களை எல்லாம் எட்டு எழுத்துக்குள் வெட்டி ஃபைல்களுக்கு வைத்திருந்தீர்கள். அவற்றுக்குள் நாலே ஆங்கில எழுத்தில் "நான்" என்று ஒன்று. அங்கேயே திறந்து பார்த்திருக்கலாம். தனியாகப் பார்க்கப் பயமாக இருந்தது. வதனியின் பெயர் இல்லாவிட்டால் என்ன செய்வேன்? பென்னுக்கு மாற்றிக்கொண்டு பெரியண்ணையைக் கூப்பிட்டேன்.

புதிய கணினியில் முதலில் ஒரே குப்பையாகத் தெரிந்தது. உங்கள் பழைய எழுத்துருவைப் போட்டதும் தமிழ் வந்தது. பிள்ளைகள்: சேந்தன், வதனி. பக்கத்தில் மருமகனின் பெயரும் இருந்தது.

பெரியண்ணை விடவில்லை. "உது அம்மா சாக முதல் அடிச்சதாக்கும். பிறகுதான் அவன் மனம் மாறினவன். திகதியைப் பார்."

பார்த்தேன். 1980 தை முதலாம் திகதி. உள்ளே மணிக்கூட்டுக்கான பற்றரி செத்துப் பல காலம், எந்த ஃபைலைச் சேமித்தாலும் அது அந்தத் திகதியைத்தான் போடும். அந்த வருடம் நீங்கள் அரைக்காற்சட்டையோடு பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தீர்கள். அதை வைத்து நான் எதை நிரூபிப்பது? பெரியண்ணை எழும்பிவிட்டார். நான் அடுத்த பக்கத்துக்குப் போனேன்.

பேரப்பிள்ளைகள்: ஆரணி, கவின், மிதுலன்.

மிதுலன் வதனியின் கடைக்குட்டி, இந்த மாசியில் பிறந்தவன், அண்ணை. நீங்கள் போவதற்கு மூன்று மாதம் முன்னால்.

அவனைப் பற்றி உங்களுக்கு யார் சொன்னது? அண்ணி, தான் சொல்லவில்லை என்று சத்தியம் செய்கிறார். நான் உங்களுக்கு ஒளித்து வதனியிடம் போய்வந்தவள், நானும் சொல்லவில்லை. மேசையில் விட்டுப்போன என் ஃபோனில் வதனி அனுப்பின படங்களைப் பார்த்தீர்களா? எத்தனை தரம் பார்த்தீர்கள்?

"இவன் எப்ப பிறந்தவன்?" என்று பெரியண்ணை கேட்டார். நான் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, அந்தப் பக்கத்தை இன்னொரு தரம் வாசித்தார். "அப்பிடியே அடி. ஒண்டையும் மாத்தாதை."

அந்தியேட்டியன்று வதனி மூன்று பிள்ளைகளோடும் வந்தாள். புத்தகத்தை வாங்கி, வாசலில் நின்றபடியே அந்தப் பக்கத்தைத் திறந்தாள்.

"மாமி, இது நீங்கள் சேர்த்ததோ?"

"இல்லைப் பிள்ளை. அப்பா அடிச்சு வைச்சது."

"இவன்ரை பேருமோ?"

"ஓம். இவன்ரை பேரும்."

கைக்குழந்தையோடு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். "அப்ப ஏன் மாமி ஒருக்கால் வந்து பார்க்கேல்லை?"

குழந்தையை வாங்கிக்கொண்டு அவளை எழுப்பினேன். நெல்லியடியிலிருந்து தெல்லிப்பழைக்குப் போக ஒரு பகல்கூடத் தேவையில்லை. மூன்று பிள்ளைகளின் பெயரையும் பிழையில்லாமல் அடித்த உங்களுக்கு ஒரு பஸ் ஏற மனம் வரவில்லையே, அண்ணை. இதை நான் மன்னிக்கக் கொஞ்சக் காலம் எடுக்கும். பாசம் குறையாது, அது வேறு.

அம்மாவின் கல்வெட்டும் அந்தக் கணினியில்தான் இருக்கிறது. அதில் வதனியின் பெயரைத் திரும்பச் சேர்த்து, புதிதாக அடித்து, நானே தெல்லிப்பழைக்குக் கொண்டுபோய் அவள் கையில் கொடுப்பேன். இனி எந்த வீட்டார் வந்து ஒரு பிள்ளையின் பெயரை விடச் சொன்னாலும், இந்த அச்சகத்தில் நான் வாய் திறப்பேன். நீங்கள் அழித்த அன்று திறந்திருக்க வேண்டிய வாய் இது.

வதனியின் மாமி,
உங்கள் தங்கச்சி
பவானி