பார்ட் ஒன் தமிழ்

காலையில் உன் மகளிடமிருந்து செய்தி வந்தது. "அம்மாவுக்கு வருசத் தெவசம் வச்சிருக்கோம். வருவீங்களா சித்தி?" பதிலுக்கு 'வாரேன்' என்று தட்டினேன். போன் அதன் கீழே சிவப்பாக ஒரு நெளிகோடு போட்டது. தப்பாம். அனுப்பாமல் அப்படியே நின்றுவிட்டேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.

அந்தச் சிவப்புக் கோடு நமக்குப் புதிதில்லையடி.

எண்பதுகளின் நடுவில், நம் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் தொடங்கிய வருஷமே சேர்ந்தவர்கள் நாம். நான் கோவில்பட்டி டவுன், தீப்பெட்டி ஆபீஸ் கணக்கப்பிள்ளை மகள். நீ பசுவந்தனைப் பக்கத்துப் பருத்திக்காட்டுக்காரர் வீட்டுப் பெண். வீட்டில் தெலுங்கு, தெருவில் நம்மூர்த் தமிழ். மழைநாளில் நீ பஸ்ஸை விட்டு இறங்கினால், செருப்புக்கு அடியில் இன்னொரு செருப்புக் கனத்துக்குக் கரிசல் மண் அப்பியிருக்கும். லேபுக்குள் தூசி ஆகாது என்று செருப்பை வாசலிலேயே விடச் சொல்வார்கள். நீ காலையும் கழுவிவிட்டுத்தான் உள்ளே போவாய். போய் உட்கார்ந்தால் லேசில் எழுந்திருக்க மாட்டாய்.

ஒருநாள் உன் வீட்டில் வைத்து, "நேத்தெல்லாம் கோபால் படுத்துன பாடு இருக்கே, இன்னைக்குத்தான் வழிக்கு வந்தான்" என்று என்னிடம் சொன்னாய். கேட்டுக்கொண்டிருந்த உன் அம்மா விளக்குமாற்றோடு வந்து, "யாரு ஏட்டி அந்தக் கோபாலு?" என்றாள். அது ஆள் பேரில்லை, கம்ப்யூட்டருக்கு எழுதுகிற COBOL என்கிற பாஷையின் பேர் என்று நம்ப வைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

கடைசி வருஷ ரிசல்ட்டில் மேஜர் பேப்பர் எல்லாவற்றிலும் நீதான் முதல். பார்ட் ஒன் தமிழில் மட்டும் அரியர். கம்ப்யூட்டரில் எத்தனை கெட்டிக்காரியாக இருந்தாலும் தமிழும் இங்கிலீஷும் தேறாமல் டிகிரி கிடையாது. மெட்ராசில் ஒரு கம்பெனி உன்னை வேலைக்கு எடுத்திருந்தது. அடுத்த பரீட்சை முடிவு வரை பொறுக்கிறோம், டிகிரியோடு வா என்றார்கள். உன் அப்பா என்னை வைத்துக்கொண்டே சொன்னார்: "டிகிரி வந்தா மெட்ராசுக்கு அனுப்புதேன். தைக்குள்ள வரலேன்னா கல்யாணம்தான்."

"தமிழ்ல போயி ஒருத்தி பெயிலாவாளா?" என்று என் அம்மாகூடச் சிரித்தாள். எனக்கு எரிச்சலாக வந்தது. செய்யுளையும் இலக்கணத்தையும் நீ உருப்போட்டு எழுதிவிடுவாய். கட்டுரை என்று வந்தால்தான் கை உன் வாய்க்குப் பின்னாலேயே போய்விடும். கல்லூரி மாதிரித் தேர்வில் தாயைப் பற்றி எழுதியிருந்தாய். 'அம்மா விடியுமுன்ன காட்டுக்குப் போகுதா. மடி நெறையப் பருத்தி எடுக்குதா. பொழுதடைய வாரா.' போகிறாள், எடுக்கிறாள், வருகிறாள் என்பதற்கு நம்மூரில் சொல்கிற போகுதா, எடுக்குதா, வாரா, எல்லாவற்றின் கீழும் சிவப்புக் கோடு. ஓரத்தில் 'கொச்சை' என்று ஒரு சொல். பெரிய பரீட்சையிலும் இப்படித்தான் எழுதியிருப்பாய் என்று நாமாக ஊகித்துக்கொண்டோம். அங்கே திருத்திய தாளை யார் காட்டுகிறார்கள்?

"கம்ப்யூட்டர்கூட எந்த வரியில தப்புன்னு சொல்லுது. இவிய பெயிலுன்னு மட்டும் சொல்லுதாவ" என்றாய்.

மறுபரீட்சைக்கு எங்கள் வீட்டு மாடியில் உட்கார்ந்து படித்தோம். "எடுக்கிறாள்னு எழுது" என்பேன். "எங்க அம்மா எடுக்குதா. எடுக்கிறாள்னா வேற யாரோ மாதிரி இருக்குட்டி" என்பாய். "வேற யாரோன்னே நெனச்சு எழுதிட்டு வா" என்றேன். நீ சிரிக்கவில்லை. தலையை ஆட்டினாய்.

அப்படியே எழுதினாய். தேறவும் செய்தாய். ஆனால் ரிசல்ட் தள்ளித் தள்ளிப் போய், அதற்குள் தை பிறந்துவிட்டது. உன் அப்பா சொன்ன சொல் மாறவில்லை. பேப்பரில் உன் நம்பர் வந்த அன்று, அதை எடுத்துக்கொண்டு புதியம்புத்தூருக்கு, உன் மாமியார் வீட்டுக்கு ஓடி வந்தேன். முன்கட்டில் தையல் மெஷின்கள் கடகடத்துக்கொண்டிருந்தன. உன் தாலிக்கயிற்றில் மஞ்சள் மங்கவில்லை. "பாசாயிட்ட ஏட்டி" என்று கத்தினேன். நம்பரைப் பார்த்தாய். "போற வழியில எங்க அப்பாட்ட சொல்லிரு" என்று மட்டும் சொன்னாய். மார்க்கில் உனக்கு எங்கோ பின்னால் நின்ற நான் மெட்ராஸ் போய், ஆயுசுக்கும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சம்பளம் வாங்கினேன்.

அதைவிட என்னை உறுத்துவது வேறு. அதற்குப் பிறகு நீ எழுதியதெல்லாம் பரீட்சைத் தமிழ்தான். கடுதாசி எழுதினாலும் சரி, பின்னாளில் போனில் தட்டினாலும் சரி. 'பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்கள்.' 'இங்கு மழை பெய்கிறது.' நேரில் பார்த்தால் வாய்க்கு வாய் ஏட்டி. எழுத்தில் நீ யாரோ. ஆஸ்பத்திரியிலிருந்து கடைசியாக அனுப்பினாயே: 'வலி அதிகமாக இருக்கிறது. நீ எப்போது வருகிறாய்?' ஒரு பிழை இல்லை. படித்ததும் எனக்கு ஆத்திரமாக வந்தது. சாகக் கிடக்கும்போதும் யாரடி உனக்கு மார்க் போடப் போகிறார்கள்?

வந்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "வலிக்குதுட்டி" என்றாய். உன்னிடமிருந்து எனக்கு மிச்சமிருப்பது அந்தச் சொல்தான். எந்தத் தாளிலும் அது இல்லை, என் காதில் இருக்கிறது.

பாலைத் துடைத்துவிட்டுப் போனைப் பார்த்தேன். 'வருகிறேன்' என்று மாற்றட்டுமா என்று அது கேட்டுக்கொண்டே இருந்தது. மாற்றவில்லை. 'வாரேன்' என்றே அனுப்பினேன். உடனே உன் மகள் பதில் போட்டாள்: "எங்க அம்மா மாதிரியே பேசுதீங்க சித்தி."

பேசுதீங்க. அவள் போனிலும் அந்தக் கோடு விழுந்திருக்கும். பார்த்துவிட்டுத்தான் அனுப்பியிருக்கிறாள்.