தாண்டிப் போன ஆஸ்பத்திரி

என்னங்க, எழுப்பினாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வீர்கள் என்று எழுதி வைத்துவிட்டுப் போகிறேன். சாப்பாடு மேசைமேல் மூடியிருக்கிறது, சுடவைத்துச் சாப்பிடுங்கள். பிளம்பர் வந்தால் சமையலறைக் குழாயைக் காட்டுங்கள்.

மாமா ஏணியிலிருந்து விழுந்த அன்று, பக்கத்து ஆஸ்பத்திரியைத் தாண்டிப் போகச் சொன்னதுதானே உங்கள் கோபம்? "வழியிலயே ஏதாவது ஆகியிருந்தா நீயா பதில் சொல்வே?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டீர்கள்.

அன்றைக்கு ஆம்புலன்ஸ்காரர் சொன்னார்: "தலையில அடிம்மா. பக்கத்துல போனா ரத்தத்த நிறுத்திட்டு மறுபடி பெரிய இடத்துக்குத்தான் அனுப்புவாங்க. மூளை ஆபரேஷன் பண்ற டாக்டர் எந்நேரமும் இருக்கிறது முதல் நிலை விபத்து சிகிச்சை மையத்துலதான்."

உங்களுக்குப் போன் அடித்தேன். நீங்கள் எடுக்கவில்லை. நானே சரி என்றேன். போய்ச் சேரும்வரை மாமாவின் சட்டை நுனியை விடவே இல்லை.

முதல் நாள் மாமா உடம்பில் செருகியிருந்த குழாய்களைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர்தான் நீங்கள், அப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை. அது கோபமில்லை, பயம் என்று எனக்குத் தெரியாதா? எனக்கும் பயம்தான். அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லோருக்கும் பேச்சுத்துணைக்கு ஆள் இருக்கிறது. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

கீழே இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன். நேற்று மாமா கண் விழித்துவிட்டார். சொல்ல ஓடிவந்தேன், நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டீர்கள். "எம்புள்ள எங்கம்மா?" என்றுதான் முதலில் கேட்டார். "வெளியிலதான் நிக்கிறார், மாமா" என்று சொல்லிவிட்டேன்.

வந்து நில்லுங்கள்.