கப்பல் வராது என்று சொன்னது நான்தான்

நிஷாந்தி,

பருப்புக்கறி அடுப்பில் இருக்கிறது, சூடாக்கிச் சாப்பிடு.

கலஹா பஸ்ஸில் மூன்று வாரமாக நீ ஆசையாகப் படித்துவந்த நாவலின் முடிவை, நேற்று உன் அண்ணன் முன்னால் போட்டு உடைத்துவிட்டேன்: "அந்த விண்கப்பல் திரும்பி வராது." "ஒங்க வாய்க்கு ஒரு பூட்டு வாங்குங்க" என்றாய். வாங்குகிறேன். சாவி உன்னிடமே இருக்கட்டும்.

காலையில் கடைசிப் பக்கத்தை மறுபடி படித்தேன். வெட்கமாகப் போய்விட்டது. கப்பல் வருமா, வராதா என்று அதில் எழுதவே இல்லை. உன்னை ஆப்பரேஷனுக்குக் கொண்டுபோன அன்று, பேராதனை ஆஸ்பத்திரிக் கதிரையில் உட்கார்ந்துதான் அதை முதன்முதலில் படித்தேன். வராது என்று முடிவு கட்டியது என் பயம். நீ திரும்பி வந்துவிட்டாய். நான்தான் முடிவை மாற்ற மறந்துவிட்டேன்.

நீ கோபத்தில் அலுமாரிக்குள் போட்ட புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்திருக்கிறேன்.

அஜந்தன்

ஐயோ, முடிவு இல்லை என்பதையும் இப்போது சொல்லித் தொலைத்துவிட்டேனே! பூட்டு இரண்டாக வாங்குகிறேன்.