செவலையின் கழுத்தில் ஐப்பசி

15-1-1957, செவ்வாய்

இரண்டு மாதமாக நான் கோத்த பாசிமணி மாலை இப்போது தொழுவத்தில், செவலைக் காளையின் கழுத்தில் கிடக்கிறது. நாளைக் காலை மாதர் சங்கக் கண்காட்சி.

ஐப்பசி மழைக்குப் பிறகு திருவரங்குளம் சாலை எப்படி இருக்குமோ, அப்படியே கோத்திருந்தேன். நனைந்த செம்மண்ணுக்கு அரக்குச் சிவப்பு, கடலைக் கொல்லைக்குப் பச்சை, மேகத்துக்குச் சாம்பல். நான் குளித்துவிட்டு வருவதற்குள் என் நாத்தனார் அதை மாட்டுப் பொங்கலுக்கென்று எடுத்துக் கட்டிவிட்டார்.

"மாட்டுக்குன்னுதானே நெனச்சேன். இம்புட்டுப் பெரிய மணியை மனுசி எவ போடுவா?"

"அது ஐப்பசி மாசம், மதினி."

"இது தை மாசம், ஆத்தா."

அவிழ்க்கப் போனேன். செவலை தலையைத் தாழ்த்தி ஒரு மூச்சு விட்டது. அடுத்த கணம் நான் வைக்கோல் போரின் மேல் இருந்தேன். எப்படி ஏறினேன் என்று தெரியவில்லை. நாத்தனாரிடம் மட்டும் அது பசுவாக நிற்கும். அவரோ, "கட்டுன அன்னிக்கே அவுக்கக் கூடாது. நாளைப் பொழுதும் கழியட்டும்" என்று சொல்லிவிட்டார்.

சாயங்காலம் மாடுகளை ஓட்டிப் போனபோது எதிர்வீட்டுக்காரர் செவலையை நிறுத்திப் பார்த்தார்.

"யாருங்க கோத்தது? மழை பேஞ்ச கொல்லை மாதிரி இருக்கு. நம்ம மயிலைக்கும் ஒண்ணு வேணுமுங்க."

போன வருடம் சங்கத்துப் பெண்கள் என் மாலையில் இருந்த மாதத்தைக் காணாமல் கதம்பம் என்றார்கள். இவர் ஒருவர்தான் மழையைக் கண்டார்.

கண்காட்சிக்கு என்ன கொண்டுபோவது என்று யோசிக்க வேண்டும். மனம் யோசிக்க மாட்டேனென்கிறது; மயிலைக்குக் கோக்க வேண்டிய மாலையிலேயே நிற்கிறது. மயிலை சாம்பல் நிறக் காளை. மார்கழிப் பனி அதன் கழுத்தில் எடுபடாது. சித்திரை வெயில்தான் சரி.